முக்காற்பங்கு: பாடங்கேட்டலுக்குப் பின் நிகழும் கல்வி

மாணவர் ஒருவர் கல்வியில் தேறுவதற்குக் காரணம் யாது என்னும் வினாவிற்குத் தமிழ்ச் சமூகத்தில் இன்று இரண்டு விடைகள் பெருவழக்காக உள்ளன. பிறவியிலேயே அறிவுக்கூர்மை வாய்த்த பிள்ளை படிக்கும், வாய்க்காத பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்பது ஒன்று. எவரும் விடாது உழைத்தால் தேறலாம் என்பது மற்றொன்று. முதல் விடை முயற்சிக்கே இடம் வைக்காமையால் ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஒருசேரப் பயனற்றதாகிறது. இரண்டாம் விடை கேட்பதற்கு இனிதாயினும், எத்தகைய உழைப்பு என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுவதால், ஒரே பாடத்தைப் பத்து முறை படித்தும் தேர்வுக்கூடத்தில் திகைத்து நிற்கும் மாணவருக்கு இன்னும் இரண்டு முறை படி என்பதற்கு மேல் எதையும் கூற இயலாததாகிறது. இவ்விரண்டுக்கும் இடையே பழந்தமிழ் இலக்கண மரபு வைத்திருக்கும் மூன்றாம் விடை ஒன்று உண்டு. கற்றல் என்பது பாடத்தைக் கேட்டு முடித்த பின் மாணவர் செய்யும் சில செயல்களின் பயன் என்றும், அச்செயல்கள் இன்னின்ன என்றும், அவற்றால் விளையும் பயனின் அளவு இவ்வளவு என்றும் அம்மரபு கணக்கிட்டே காட்டுகிறது. அக்கணக்கே இச்சொற்பொழிவின் பொருள்.

அக்கணக்கு காணப்படும் இடம், 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்டியதற்கிணங்கப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம் ஆகும். பாயிரம் என்பது நூலுக்கு முன் வைக்கப்படும் முகவுரை. எல்லா நூல்களுக்கும் பொதுவான செய்திகளைக் கூறும் பகுதி பொதுப்பாயிரம் எனவும், குறிப்பிட்ட நூலின் ஆசிரியர், வழி, எல்லை முதலியவற்றைக் கூறும் பகுதி சிறப்புப்பாயிரம் எனவும் பெயர்பெறும். நன்னூலின் பொதுப்பாயிரம் நூலின் இலக்கணம், ஆசிரியரின் இலக்கணம், பாடஞ்சொல்லும் முறை, மாணாக்கரின் இலக்கணம், பாடங்கேட்கும் முறை என்னும் ஐந்தினை முறையே விளக்குகிறது. எழுத்தையும் சொல்லையும் பற்றிய இலக்கண நூல் ஒன்று, அவற்றைத் தொடங்குமுன் கற்பவர் எவ்வாறு கற்க வேண்டும் என்பதற்கு இத்துணை இடம் ஒதுக்கியிருப்பது எண்ணத்தக்கது. எனினும் இப்பகுதி பெரும்பாலும் ஒரு நெட்டுருப் பாடமாகவே கற்பிக்கப்பட்டு வந்திருக்கிறது. எவ்வாறு கற்பது என்று கூறும் நூற்பாக்களை அவை கூறும் முறைக்கு மாறாகக் கற்பிப்பதில் உள்ள வேடிக்கை பலர் கண்ணில் பட்டதாகத் தெரியவில்லை.

மாணாக்கரை நன்னூல் எட்டு உவமைகளால் மூவகைப்படுத்துகிறது. அன்னமும் பசுவும் போல்வார் தலைமாணாக்கர். மண்ணும் கிளியும் போல்வார் இடைமாணாக்கர். இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவற்றைப் போல்வார் கடைமாணாக்கர். அன்னம் பாலையும் நீரையும் பிரித்துப் பாலை மட்டும் கொள்வதாக மரபு கூறும். பசு புல் கண்டவிடத்து வயிறார மேய்ந்துவிட்டுப் பின் ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடும். மண், உழவன் இட்ட உழைப்பின் அளவுக்கே விளைவைத் தரும். கிளி, சொல்லிக்கொடுத்ததன்றி வேறொன்றும் சொல்லாது. இல்லிக்குடம் என்பது ஓட்டைக்குடம். ஆடு ஒரு செடியிலும் நிலையாமல் இலைக்கு இலை தாவும். எருமை குளத்தைக் கலக்கிவிட்டுக் குடிக்கும். நெய்யரி என்பது நெய்யை வடிகட்டப் பயன்பட்ட பன்னாடை. அது நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இவ்வரிசையில் கிளி நிற்கும் இடம் கூர்ந்து நோக்கத்தக்கது. தமிழ் மரபுக்கல்வி முழுவதும் மனப்பாடத்தையே போற்றியது என்பது இன்று பலராலும் ஆராயாது ஏற்கப்பட்ட கருத்து. சுவடிகள் அரிதாயிருந்த காலத்தில் நினைவாற்றல் இன்றியமையாததாக இருந்தது உண்மையே. ஆயினும் சொன்னதைச் சொல்லும் கிளியை நன்னூல் தலைவரிசையில் வைக்கவில்லை. அசைபோடும் பசுவையே அங்கு வைத்தது. மேய்தலும் அசைபோடுதலும் வேறு வேறு செயல்கள், வேறு வேறு நேரத்தில் நிகழ்வன. மேயும்போது பசுவின் கவனம் புல்லில் இருக்கிறது. அசைபோடும்போது முன்னே புல் இல்லை. உள்ளே போனதையே மீண்டும் வாய்க்குக் கொண்டுவந்து மெல்லுகிறது. புத்தகத்தை மூடிவைத்த பின் நடைபெறும் கல்விக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைப்பது அரிது.

இவ்வகைப்பாட்டில் ஒரு குறையும் உண்டு. மாணாக்கர் இன்ன இன்ன இனத்தவர் என்று உவமை வழி பிரித்துவிட்டால், ஓட்டைக்குடமாக ஒருமுறை முத்திரையிடப்பட்ட பிள்ளை என்றென்றும் அவ்வாறே கருதப்படும் ஆபத்து நேர்கிறது. பாடஞ்சொல்லத் தகாதவர் என்று நன்னூல் தரும் பட்டியல் இந்த ஆபத்தை மிகுவிக்கிறது. கள் உண்டு களிப்பவன், சோம்பன், செருக்கன், சினத்தன் ஆகியோரை விலக்குவதோடு நில்லாமல், நோயுற்றவனையும் மந்த அறிவினனையும் அப்பட்டியல் விலக்குகிறது. கல்வி அனைவர்க்கும் உரிமையாகிவிட்ட காலத்தில் இதனை ஏற்பதற்கில்லை. நோயுற்ற குழந்தைக்கும் மெல்லக் கற்கும் குழந்தைக்குமே ஆசிரியரின் உதவி கூடுதலாக வேண்டப்படுகிறது. உறங்குபவனும் இப்பட்டியலில் இடம்பெறுகிறான். பாடம் நடக்கும்போது தூங்கி வழிபவனையே அது குறித்திருக்க வேண்டும். இரவில் உறங்குபவனை அன்று. படித்தது நினைவில் ஊன்றுவதற்கு இரவு உறக்கம் துணைசெய்கிறது என்பது இக்கால ஆய்வுகளால் நன்கு நிறுவப்பட்டிருப்பதால், தேர்வுக்கு முந்திய இரவு முழுவதும் கண்விழித்துப் படிப்பவன் தன் உழைப்பின் ஒரு பகுதியைத் தானே அழித்துக்கொள்கிறான்.

ஆனால் நன்னூல் வகைப்பாட்டோடு நின்றுவிடவில்லை. பாடங்கேட்டலின் இயல்பைக் கூறும் நூற்பாக்களில் அது மனிதரை விட்டுச் செயலுக்கு வருகிறது. உலக வழக்கை அறிதல், பாடத்தைப் போற்றுதல், கேட்டவற்றை நினைத்தல், ஆசிரியரை மீண்டும் சார்ந்து ஐயமறக் கேட்டல், ஒத்த மாணாக்கரோடு பயிலுதல், வினவுதல், வினவப்பட்டவற்றிற்கு விடையளித்தல் என்னும் இவற்றைக் கடமையாகக் கொள்வாரிடமிருந்து அறியாமை பெரிதும் அகலும் என்பது அதன் கருத்து. இவற்றுள் எதுவும் பிறவிக்குணம் அன்று. அனைத்தும் பழகினால் வருவன. ஓட்டைக்குடத்தை அடைக்கும் வழி இதுவெனக் கூறாமலே நன்னூல் கூறிவிட்டது எனலாம்.

இதனை அடுத்தே கணக்கு வருகிறது. ஒருமுறை கேட்டவன் இரண்டாம் முறையும் கேட்பானாயின் அவனிடம் பெரும்பிழை இராது. மூன்றாம் முறையும் கேட்பானாயின் முறையறிந்து பிறர்க்கு எடுத்துரைக்கும் நிலையை எய்துவான். எனினும் ஆசிரியர் கூறியதை எவ்வளவு செவ்வையாக ஏற்றுக்கொண்டாலும் அதனால் வாய்ப்பது புலமையின் காற்பங்கே ஆகும். உடன்பயிலும் மாணாக்கரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கும், தான் கற்றதைப் பிறர்க்கு விரித்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்புகின்றன. இப்பின்னங்கள் அளந்து கண்ட அளவுகள் அல்ல என்பது வெளிப்படை. பல தலைமுறை ஆசிரியர்கள் தம் மாணாக்கரைக் கண்டு உணர்ந்த ஒன்றை எளிதில் மறவாத எண்ணாக்கி வைத்திருக்கிறார்கள் என்றே கொள்ள வேண்டும். ஆசிரியரை இறைக்கு நிகராக உயர்த்திய ஒரு மரபு, அவ்வாசிரியரால் தரக்கூடியது காற்பங்கே என்று ஒப்புக்கொண்டிருப்பதுதான் இதில் வியப்புக்குரியது.

நன்னூலார் உவமையால் கூறியதைச் சோதனையால் அளக்கும் முயற்சி ஜெர்மனியில் ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்னும் உளவியலாளரால் தொடங்கப்பெற்றது. 1885இல் வெளியான அவரது நூலுக்கு அவரே ஆய்வாளரும் ஆய்வுப்பொருளும் ஆவார். பொருள் ஏதுமற்ற அசைகளைத் தொகுத்து, அவற்றின் வரிசைகளைப் பிழையின்றி ஒப்பிக்கும்வரை கற்று, குறித்த கால இடைவெளிக்குப் பின் அவற்றை மீண்டும் கற்க எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று அவர் கணக்கிட்டார். ஒரு நாள் கழிந்த பின் மிச்சமானது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. மறதியின் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே நிகழ்ந்துவிடுவதும், அதன் பின் மறதியின் வேகம் தணிவதும் இதனால் புலனாயின. இதே நூலில் மற்றொரு செய்தியும் உண்டு. ஒரு வரிசையை ஒரே நாளில் 68 முறை திரும்பத் திரும்பப் படித்ததால் கிடைத்த பயனை, மூன்று நாட்களுக்குப் பகிர்ந்து 38 முறை படித்தே அவரால் பெற முடிந்தது. உழைப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தும் பயன் குறையவில்லை. இருமுறை, மும்முறை கேட்டல் என்று நன்னூல் கூறுவதும் ஒரே இருப்பில் கேட்பது அன்று. பாடங்கேட்டல் நாள்தோறும் நடந்த குருகுலத்தில் அம்முறைகள் இடைவெளிவிட்டே நிகழ்ந்திருக்கும்.

அசைபோடுதலின் ஆற்றலை நேரே அளந்த ஆய்வு ஒன்று 2006இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி ஆகிய இருவரால் வெளியிடப்பட்டது. கல்லூரி மாணவர்க்குச் சிறு உரைநடைப் பகுதி ஒன்று கொடுக்கப்பட்டது. ஒரு பிரிவினர் நான்கு தவணைகளிலும் அதனைப் படித்துக்கொண்டே இருந்தனர்; அவர்கள் அப்பகுதியைச் சராசரியாக 14 முறை படித்து முடித்தனர். மற்றொரு பிரிவினர் முதல் தவணையில் மட்டும் படித்துவிட்டு, எஞ்சிய மூன்று தவணைகளிலும் தாளைப் பாராமல் நினைவில் வந்ததை எழுதினர். அவர்கள் படித்தது சராசரியாக 3 முறைக்குச் சற்றே அதிகம். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, படித்துக்கொண்டே இருந்தவர்கள் 83 விழுக்காட்டையும் நினைவுகூர்ந்து எழுதியவர்கள் 71 விழுக்காட்டையும் எழுதினர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழாகிவிட்டது. 14 முறை படித்தவர்களிடம் எஞ்சியது 40 விழுக்காடு. நினைவுகூர்ந்தவர்களிடம் எஞ்சியது 61 விழுக்காடு.

இவ்வெண்களைவிட முக்கியமானது அம்மாணவர்களின் சொந்த மதிப்பீடு. ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்களே மிகுந்த நம்பிக்கை தெரிவித்தனர். திரும்பப் படிக்கையில் வரிகள் தெரிந்த முகங்களாகத் தோன்றுகின்றன. அந்த அறிமுகத்தையே அறிவு என்று மனம் எண்ணிவிடுகிறது. தெருவில் நாள்தோறும் காணும் ஒருவரின் பெயரைக் கேட்டால் விழிப்பதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. புத்தகத்தை மூடிவிட்டு எழுத முயல்வது கடினமாகவும் மனச்சோர்வு தருவதாகவும் இருப்பதால், தான் தேறவில்லை என்றே மாணவர் கருதுகிறார். உண்மையில் அவ்விடத்திலேயே அவர் தேறிக்கொண்டிருக்கிறார். வண்ணப் பேனாவால் கோடிட்டுக் கோடிட்டுப் பக்கம் முழுவதையும் மஞ்சளாக்குவதும், உரைநூலை விடிய விடியப் புரட்டுவதும் நம் மாணவரிடையே இத்துணைச் செல்வாக்குப் பெற்றிருப்பதற்குக் காரணம் சோம்பல் அன்று. அவை கற்றது போன்ற நிறைவை உடனே தந்துவிடுகின்றன. தமிழ்நாட்டில் 2017-18ஆம் கல்வியாண்டில் 11ஆம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று, பள்ளிகள் பல அவ்வகுப்பின் பாடத்தைக் கைவிட்டு 12ஆம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டுகள் நடத்தின என்பதாகும். கோடிடும் மாணவரின் மயக்கத்திற்கு நிறுவனங்களும் ஆட்பட்டிருந்தன என்பதற்கு இது சான்று.

பிறர்க்கு உரைப்பதால் அரைப்பங்கு நிரம்பும் என்ற கூற்றுக்குச் சென்னையோடு தொடர்புடைய ஒரு வரலாறு துணைநிற்கிறது. தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளில் ஆசிரியருக்கு உதவியாகச் சட்டாம்பிள்ளை என்னும் மூத்த மாணவன் இருந்து, இளையோரின் எழுத்தையும் வாய்ப்பாட்டையும் கேட்டுத் திருத்துவது வழக்கம். மணலில் விரலால் எழுதிப் பழகுவது அப்பள்ளிகளின் இயல்பு. 1789இல் எழும்பூரில் இருந்த ஆண் ஆதரவற்றோர் இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார், இவ்வூர்ப் பள்ளி ஒன்றில் மணலெழுத்தைக் கண்டு அதனைத் தம் இல்லத்திலும் நடைமுறைப்படுத்த விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர்கள் உடன்படாமையால், எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் சிறு பிள்ளைகளின் வகுப்பை ஒப்படைத்தார். அவன் நன்கு கற்பிக்கவே, முறை இல்லம் முழுவதற்கும் விரிந்தது. 1797இல் லண்டனில் அச்சான அவரது அறிக்கைக்குப் பின் இது மெட்ராஸ் முறை என்னும் பெயரால் இங்கிலாந்தில் பரவிற்று. அவர் விட்டுச்சென்ற பொருளால் ஸ்காட்லாந்தின் செயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எழுந்த பள்ளி இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றே வழங்குகிறது. ஆனால் குறைந்த செலவில் பெருங்கூட்டத்தைப் படிப்பிக்கும் கருவியாகவே இங்கிலாந்து அதனை வரவேற்றது. சட்டாம்பிள்ளைமுறை நாளடைவில் உயிரற்ற ஒப்பித்தலாகச் சுருங்கியதற்கு அந்நோக்கமே காரணம். கற்பிக்கும் சிறுவன் என்ன பெறுகிறான் என்ற வினா, அவனால் எவ்வளவு மிச்சமாகிறது என்ற கணக்கில் மறைந்துபோயிற்று.

கற்பிக்கும் சிறுவன் பெறுவது யாது? ஒன்றை எடுத்துரைக்க முனைபவர் அதன் உறுப்புகளை ஓர் ஒழுங்கில் வைக்க வேண்டியிருக்கிறது. அப்போது ஓர் உறுப்பு தம்மிடம் இல்லை என்பது தெரியவருகிறது. கேட்பவர் ஏன் என்று கேட்டுவிட்டால், தாம் காரணமறியாது ஏற்றிருந்தவை வெளிப்படுகின்றன. தனியே படிக்கையில் தாண்டிச் செல்லக்கூடிய பள்ளத்தைப் பிறர்க்குச் சொல்லுகையில் தாண்ட இயலாது. உடன்பயில்வோர் பெரிதும் அறிவுடையோராக இருக்க வேண்டும் என்பதுமில்லை. கேட்பதற்கு ஒருவர் இருத்தலே பாதி வேலையை முடித்துவிடுகிறது.

இனி மனப்பான்மை. கல்வி பற்றிய உரைகளில் தன்னம்பிக்கை பெரிதும் பேசப்படுகிறது. மேற்காட்டிய ஆய்வில் அளவுக்கு மீறிய நம்பிக்கை கொண்டவர்களே தோற்றனர் என்பதை நினைத்தால், அச்சொல்லை நிதானத்தோடு ஆள வேண்டும் என்பது விளங்கும். நன்னூல் விலக்கியவர்களுள் மானி, அதாவது செருக்குடையவன், இடம்பெறுவதன் காரணம் ஒழுக்கம் பற்றியது மட்டுமன்று. தன் அறியாமையைக் காட்ட நாணுபவனால் வினவ முடியாது. வினவாதவனுக்குக் கேட்டல் ஒன்றே எஞ்சும். அதாவது காற்பங்கே எஞ்சும். 1880இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராகப் பொறுப்பேற்ற உ. வே. சாமிநாதையர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் நெடுங்காலம் பாடங்கேட்டவர். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் எனப் பல நூல்களைக் கற்றுத் தேர்ந்தவர். அவ்வாண்டிலேயே அவ்வூருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியார், அவற்றால் என்ன பயன் என்று வினவி, சீவக சிந்தாமணி, மணிமேகலை போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டபோது, 25 வயதுத் தமிழாசிரியர் அந்நூல்களைத் தாம் கண்டதும் இல்லை என்று ஒப்புக்கொண்டார். சிந்தாமணியின் படி கைக்கு வந்த பின், சமண சமயச் செய்திகள் விளங்காதபோது கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களின் இல்லம் தேடிச் சென்று கேட்டறிந்தார். கல்லூரி ஆசிரியர் என்ற நிலை அவ்வினாக்களுக்குத் தடையாகவில்லை. சிந்தாமணிப் பதிப்பு 1887இல் வெளிவந்தது. அவருடைய ஆசிரியரும் இத்தன்மையரே. தண்டியலங்காரத்தை அறிந்த பரதேசி ஒருவரைத் தேடிப் பணிந்து அவரிடம் அதனைக் கற்றவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை.

அறிவாற்றல் வளரக்கூடியது என்று நம்பும் மாணவர் மிகுதியாகத் தேறுவர் என்னும் கருத்தை அமெரிக்க உளவியலாளர் கரோல் டுவெக் பரப்பினார். உலகெங்கும் பள்ளிச் சுவர்களில் அது வாசகமாக எழுதப்பட்டது. 12,000 அளவிலான 9ஆம் வகுப்பு மாணவரிடம் அமெரிக்காவில் நடத்தி 2019இல் வெளியிடப்பட்ட பெரிய ஆய்வு, இந்நம்பிக்கையை ஊட்டும் குறும்பயிற்சியால் பின்தங்கிய மாணவரின் தரப்புள்ளி ஏறத்தாழ 0.1 உயர்ந்ததாகக் காட்டியது. செலவு மிகக் குறைவான ஒன்றுக்கு இப்பயன் புறக்கணிக்கத்தக்கதன்று. சுவர்வாசகங்கள் உறுதியளித்த அளவுக்கு அது பெரிதும் அன்று. செய்யும் முறை மாறாதவிடத்து நம்பிக்கை மட்டும் மாறுவதால் விளைவது சிறிது என்றே இதிலிருந்து கருத வேண்டியுள்ளது.

தேர்வில் பெறும் தேர்ச்சியையும் கல்வியில் பெறும் தேர்ச்சியையும் ஒன்றாகக் கருதலாகாது என்பதற்குக் கும்பகோணம் கல்லூரியே மற்றொரு சான்றையும் தருகிறது. சாமிநாதையர் சென்னைக்கு மாறிச்சென்ற மறு ஆண்டில், 1904இல், அங்குச் சேர்ந்த சீனிவாச ராமானுஜன் கணிதம் தவிர்த்த பாடங்களில் தவறி உதவித்தொகையை இழந்தார். அவர் பயின்ற கார் என்பாரின் கணிதத் தொகைநூல் ஆயிரக்கணக்கான தேற்றங்களை நிறுவல் இன்றியோ மிகச் சுருங்கிய குறிப்போடோ அடுக்கியது. அந்நிறுவல்களைப் பலகையில் தாமே செய்து பார்த்ததே அவரது கல்வியாயிற்று. மேதைகளை எல்லா மாணவர்க்கும் மாதிரியாகக் காட்டுவது பொருந்தாது. ஆயினும் விடையைப் பாராமல் தாமே முயலும் அப்பழக்கத்திற்கு மேதைமை தேவைப்படுவதில்லை.

நன்னூலின் கணக்கு ஒரு சூழலை உட்கொண்டே போடப்பட்டது. மாணாக்கர் ஆசிரியரோடு ஒரே இடத்தில் உறைந்த காலத்தில், உடன்பயில்வோர் எந்நேரமும் அருகிலிருந்தனர். சிந்திக்கவும் கேட்கவும் சொல்லிக்காட்டவும் இடமிருந்தது. இக்காலப் பள்ளியில் காற்பங்கு மட்டுமே வகுப்பறையில் நிகழ்ந்து, முக்காற்பங்கு வீட்டுக்கு அனுப்பப்படுகிறது. பெற்றோர் கற்றவராயிருக்கும் வீட்டில் அன்றைய பாடத்தைச் சொல்லிக்காட்டக் குழந்தைக்கு ஆள் உண்டு. கூலிவேலை முடித்து இருட்டிய பின் திரும்பும் பெற்றோரைக் கொண்ட ஒற்றையறை வீட்டில், அன்றைய பாடத்தைக் கேட்பாரும் இல்லை, அமர்ந்து எழுத மூலையும் இல்லை. ஒரே வகுப்பில் ஒரே ஆசிரியரிடம் கேட்ட இரு பிள்ளைகளின் மதிப்பெண்கள் வேறுபடும்போது, பழக்கக்குறை என்று பெயர் சூட்டப்படுவது பல நேரங்களில் இந்த இடக்குறையும் ஆட்குறையுமே ஆகும். கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்டதால் நேர்ந்த கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம், 1 முதல் 8 வரையிலான வகுப்புகளின் குழந்தைகளை மாலை வேளையில் அவரவர் குடியிருப்பிலேயே கூட்டியது. அங்கு வந்த குழந்தைகளுக்குக் கேட்பார் கிடைத்தனர்; உடன்பயில்வோரும் கிடைத்தனர். தன்னார்வலராகப் பணியாற்றியோருள் பெரும்பாலோர் பெண்கள். படிப்பை முடித்துவிட்டு வீட்டிலிருந்தவர்களும் அவர்களுள் பலர். கூட்டல் கழித்தலையும் எழுத்துக்கூட்டலையும் விளக்கிய அம்மாலைப் பொழுதுகளில், நன்னூல் கூறும் அரைப்பங்கு அவர்களையும் சேர்ந்திருக்க வேண்டும். அதனை அளந்து பார்க்கும் பணி கல்வியாய்வாளர்க்கு உரியது.